ஆழக்காட்சி

ஆழக்காட்சி என்பது விழித்திரையில் விழும் தட்டையான படிமத்திலிருந்து தொலைவையும் பருமனையும் உணரும் திறன். அதே படிமத்தை மரம், மாடு, வரப்பு என்று தனித்தனிப் பொருள்களாக அறிவது பொருட்பகுப்பு. பாடநூல்கள் இவற்றை வெவ்வேறு இயல்களில் வைப்பது வழக்கம். ஆய்வு வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பிரிவினைக்கு அவ்வளவு வலு இல்லை. எது எதற்கு முன்னால் நிற்கிறது என்று தெரியாமல் ஒரு பொருளின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்ல இயலாது. இதை விளக்க மலேசியாவின் வட சிலாங்கூரின் வயலும் தோட்டமும் ஆறும் நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்பது யூக்ளிட் காலத்துக் கொள்கை. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் ஒளியியல் நூலை எழுதிய இப்னு அல்-ஹைதம் அதை மறுத்தார். தொலைவு பற்றி அவர் கூறியது இன்னும் ஆழமானது: இடையில் உள்ள தரையும் அதில் வரிசையாகக் கிடக்கும் பொருள்களும் தொடர்ச்சியாகத் தெரிந்தால்தான் தூரத்தைச் சரியாக மதிப்பிட முடியும். வட சிலாங்கூரின் செகிஞ்சான் வயலில் நடவு முடிந்த சில நாளில் நின்றால் இது விளங்கும். காலடியில் நாற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சில வரப்புகள் தாண்டினால் வரிசைகள் மட்டுமே தெரியும். அதற்கும் அப்பால் எல்லாம் ஒரே பச்சை. வாய்க்காலின் இரு கரைகளும் போகப்போக நெருங்கிவரும். இப்படி அடர்ந்துகொண்டே போகும் தரையே தொலைவின் அளவுகோல் என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950-இல் நிறுவினார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளைப் பற்றிச் செய்த ஆய்வு அவரை அங்கே கொண்டுவந்தது. வயல் விளிம்பில் எழும் முழுநிலா பெரிதாகத் தெரிவதற்கும் இப்னு அல்-ஹைதமின் விளக்கம் இதுதான்: இடையே நிலம் விரிந்து கிடப்பதால் நிலா வெகுதூரத்தில் இருப்பதாக மனம் கொள்கிறது, அவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதே, அப்படியானால் பெரியது என்று முடிவு கட்டுகிறது. இவ்விளக்கம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

விழித்திரையில் படிமம் தலைகீழாக விழுகிறது என்பதை 1604-இல் கெப்லர் காட்டினார். மனிதருக்கு ஏன் இரண்டு கண்கள் என்ற கேள்விக்கு 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் விடை தந்தார். கண்களுக்கிடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் இரு படிமங்களும் சற்றே வேறுபடுகின்றன. மூளை அந்த வேறுபாட்டையே ஆழமாக மாற்றுகிறது. வெறும் கோட்டோவியங்கள் இரண்டைக் கண்ணாடிகள் வழியே ஒன்றுசேர்த்துக் முப்பரிமாண உருவமாகத் தோன்றச்செய்து அவர் இதை மெய்ப்பித்தார். 1960-இல் பெல் ஆய்வகத்தின் பேலா யூலெஸ் ஒரு படி மேலே சென்றார். எந்த உருவமும் இல்லாத புள்ளிக்குவியல் இரண்டை இரு கண்ணுக்கும் காட்டியபோதும் நடுவில் ஒரு சதுரம் மிதந்து எழுந்தது. பொருளை முதலில் அறிந்தால்தான் ஆழம் தெரியும் என்ற கருத்து அங்கே சரிந்தது. அதற்காக விளிம்புக் கோடுகளுக்கு வேலையே இல்லை என்றாகிவிடாது. அவற்றின் பங்கைக் குறித்து 1973-இல் வி. எஸ். ராமச்சந்திரன், மதுசூதன் ராவ், வித்யாசாகர் ஆகிய மூவர் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளியிட்டனர். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

அவருடைய 1988-ஆம் ஆண்டு ஆய்வு நிழலைப் பற்றியது. மேற்பாதி வெளுத்துக் கீழ்ப்பாதி கறுத்த வட்டம் மேடாகத் தெரிகிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே பள்ளமாகிறது. ஒளி ஒன்றே, அதுவும் மேலிருந்தே வருகிறது என்று மூளை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதே காரணம். இந்த ‘மேல்’ வானத்தை ஒட்டியதன்று, பார்ப்பவரின் தலையை ஒட்டியது. தலையைச் சாய்த்தால் மேடுபள்ளமும் மாறுகிறது.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் வேலை இந்த நுட்பத்தை நம்பியிருந்தது. பால் நாளங்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்பகுதியில், கட்டையை ஒட்டி. உளி ஆழம் போதாவிட்டால் பால் குறையும்; கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். விட்டுவைக்க வேண்டிய பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். விடியுமுன் இருட்டில் நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் இதைச் செய்தார்கள். அந்த விளக்கு கண்ணுக்கு மேலே இருக்கிறது, தலையோடு சேர்ந்தே திரும்புகிறது. மூளை எதிர்பார்க்கும் அதே இடத்திலிருந்து எப்போதும் ஒளி விழுவதால், குனிந்தாலும் சாய்ந்தாலும் வெட்டுக்கோடு பள்ளமாகவே தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இரு கண் வேறுபாடும் மிகக் கூர்மையாக வேலை செய்யும். கைப்பழக்கம் என்று சொல்லி எளிதாகக் கடந்துபோகும் இத்தொழிலில் கண்ணுக்கும் பெரும்பங்கு உண்டு.

பொருட்பகுப்பின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் வெளியிட்ட கட்டுரையில், அருகருகே இருப்பவை, ஒத்திருப்பவை, தடையின்றித் தொடர்பவை, ஒன்றாக இயங்குபவை ஆகியவற்றைக் கண் ஒரே கூட்டமாகச் சேர்க்கிறது என்று காட்டினார். இறுதி விதிக்குக் கோலசிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் ஓடும் சிலாங்கூர் ஆற்றைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. கரையோர பெரெம்பாங் மரங்களில் ‘டெரோப்டிக்ஸ் தெனெர்’ இன மின்மினிகள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. நிலவில்லா இரவில் படகிலிருந்து பார்ப்பவருக்கு மரம் தெரியாது, கிளையும் தெரியாது. தொலைவு காட்டும் தரையோ நிழலோ இல்லை. ஆனாலும் சேர்ந்து ஒளிர்ந்து சேர்ந்து அணையும் புள்ளிகள் ஒரு மரத்தின் வடிவாகத் திரள்கின்றன. தாளம் பிசகிய ஒற்றைப் பூச்சி தனியே பிரிந்து தெரிகிறது.

இத்திறன் பிறவியிலேயே வருவதா, பழகி வருவதா? பிறவிக் குருடர் ஒருவர் பார்வை பெற்றால், தொட்டறிந்த கோளத்தையும் கனசதுரத்தையும் கண்ணால் பிரித்தறிவாரா என்று 1688-இல் அயர்லாந்தின் வில்லியம் மாலினோ தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் கேட்டிருந்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் விடை இந்தியாவிலிருந்து வந்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த ஏழைச் சிறுவர்களுக்கு டெல்லி ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அளித்தது. கூடவே அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்ளும் விதத்தையும் ஆராய்ந்தது. சிகிச்சையையும் ஆய்வையும் ஒரே அறத்தில் கட்டிய முயற்சி என்பதால் இது தனி மதிப்புக்குரியது. 8 முதல் 17 வயதுவரையிலான ஐவரிடம் செய்து 2011-இல் வெளியான சோதனையில், கட்டு அவிழ்த்தவுடன் தொட்ட பொருளைக் கண்ணால் அவர்கள் அடையாளம் காணவில்லை. சில நாள்களிலேயே கற்றுக்கொண்டார்கள்.

2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு பொருட்பகுப்புக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்றன்மேல் ஒன்று கிடந்த உருவங்களைப் புதிதாகப் பார்வை பெற்றவர்கள் துண்டுதுண்டாகவே கண்டார்கள். நிறமோ வெளிச்சமோ மாறிய இடமெல்லாம் அவர்களுக்குத் தனிப்பொருள். உருவங்கள் அசைந்ததும் குழப்பம் தீர்ந்தது. பல மாதங்கள் சென்றபின் அசையாத படங்களையும் சரியாகப் பிரித்தார்கள். கண்ணுக்கு முதல் பாடத்தைக் கற்றுத்தருவது அசைவு என்பதற்கு இதுவரை கிடைத்த வலுவான சான்று இதுவே. செம்பனைத் தோட்டச் சாலையில் செல்லும்போது முக்கோண அமைப்பில் நட்ட மரங்களின் நிரைகள் திறந்து மூடுவதும், கிட்டத்து மரம் விரைந்து ஓடத் தூரத்து மரம் மெதுவாக நகர்வதும் இதே அசைவு தரும் ஆழம்தான். அதற்கு ஒற்றைக் கண் போதும்.

இரு கண் ஆழக்காட்சிக்கு மட்டும் இளமையே ஏற்ற பருவம் என்பது நரம்பியலாளர்கள் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பின் மருத்துவம் பின்பற்றும் நெறி. இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். மாறுகண்ணோடு வளர்ந்த அமெரிக்க நரம்பியலாளர் சூசன் பேரி, 48 வயதில் கண் பயிற்சியால் அக்காட்சியைப் பெற்று 2009-இல் நூலாக எழுதியபின் காலவரம்பு சற்று நெகிழ்ந்தது. ஆயினும் குழந்தையின் மாறுகண்ணைச் சிறுவயதிலேயே கவனிக்கவேண்டும் என்ற மருத்துவ அறிவுரை மாறவில்லை.