பழவேற்காட்டு லுங்கியும் ஆம்ஸ்டர்டாம் கப்பலும்

இன்னைக்கு எபிசோட் ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்சு, பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுல முடியும்.

நெதர்லாந்துல மாஸ்டர்ஸ் படிச்சப்போ நான் டெல்ஃப்ட்ல இருந்தேன். ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில்ல ஒரு மணி நேரம். ஒரு சனிக்கிழமை நாங்க நாலு பேர் கிளம்பினோம். வெளியில சாப்பிட்டா பர்ஸ் தாங்காதுன்னு பையில பிரெட்டும் ஜாமும். அங்க கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே ஒரு பெரிய மரக்கப்பல் நிக்கும், பேர் 'ஆம்ஸ்டர்டாம்'. முதல் பயணத்திலேயே, 1749ல், இங்கிலாந்து கரையோரம் மாட்டி அழிஞ்ச ஒரு வி.ஓ.சி. கப்பலோட நகல் அது. வி.ஓ.சி.ன்னா நம்ம கப்பலோட்டிய தமிழர் இல்லைங்க. 1602ல் தொடங்கின டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி.

செல்ஃபி எல்லாம் எடுத்துட்டு, கரையில உக்காந்து பிரெட் சாப்பிட்டோம். கூட வந்த ஜகார்த்தா நண்பன் என் ஊரைப் பத்திக் கேட்டான். "சென்னைக்கு வடக்கே. பக்கத்துல புலிகாட்னு ஒரு ஏரி இருக்கு"ன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "எங்க தாத்தா தொழுகைக்குக் கட்டுற கட்டம் போட்ட லுங்கிக்குப் பேரே பெலேகட்டா!"

நான் சிரிச்சேன். ஆனா அவன் சொன்னது சரி. மலாய் பேசுற நாடுகள்ல அந்தத் துணிக்குப் பேர் வந்ததே பழவேற்காட்டுல இருந்துதான். சின்ன வயசுல இருந்து இறால் வாங்கப் போன ஊர். அதோட வரலாறை எனக்கு ஒரு ஜகார்த்தாக்காரன் சொல்ல வேண்டியிருந்தது. ரிட்டர்ன் ரயில்ல ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன்.

கதை இதுதான். டச்சுக்காரர்களுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காய், கிராம்பு. அங்கே இருந்தவர்கள் அதற்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. அதனால் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு 1610ல் பழவேற்காட்டில் கடை போட்டார்கள். 1612ல் சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியர்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த வருஷமே கோட்டை எழும்பியது. அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரில் 'கெல்ட்ரியா' என்று பெயர் வைத்தார். 1690ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, இந்தக் கரையின் டச்சு வியாபாரம் முழுக்க இங்கே இருந்துதான் நடந்தது. நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள்.

இதுவரைக்கும் டூரிஸ்ட் போர்டுல போடக்கூடிய கதை. அடுத்து வர்றது அப்படி இல்ல.

துணி போன அதே கடல்வழியில் மனிதர்களும் போனார்கள். 1621 முதல் 1665 வரை இந்தக் கரையில் இருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள் என்று வில் டைக் என்ற ஆய்வாளர் கம்பெனி ஆவணங்களை வைத்துச் சொல்கிறார். பலர் போய்ச் சேர்ந்த இடம் பட்டேவியா. அதாவது இன்றைய ஜகார்த்தா, என் நண்பனோட ஊர்.

இதுல ஒரு பேட்டர்ன் இருக்கு. மழை பொய்த்து, போர் வந்து, பஞ்சம் வந்த வருஷங்களில்தான் எண்ணிக்கை எகிறியது. சோறு இல்லாம தன்னையோ பிள்ளையையோ விற்ற குடும்பங்களும் அதில் உண்டு. வாங்கியது டச்சுக்காரன்தான். ஆனா கொண்டுவந்து விற்றதில் நம்ம ஊர்த் தரகர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லாம விட்டா பாதி வரலாறுதான் சொன்னதா ஆகும்.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வியாபாரத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆசியாவைப் பற்றியும் அந்தப் பேச்சில் சொன்னார். 6,60,000 முதல் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கலாம், சரியான எண்ணிக்கைகூடத் தெரியாது என்றார். நம்ம ஊர்ல அதை எத்தனை பேர் கவனிச்சோம்?

ஊர் திரும்பினதும் பழவேற்காடு போனேன், இந்தத் தடவை இறாலுக்காக இல்ல. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய ரெண்டு எலும்புக்கூடு நிக்குது. உள்ளே ஒவ்வொரு கல்லிலும் பேர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் அவ்வளவு அழகான எழுத்து. தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்குது. கோட்டை இருந்த இடம் வெறும் முள்ளுப் புதர், சுத்தி அகழி. 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. கோட்டை போனாலும் பக்கத்து மீனவக் கிராமத்துக்கு இன்னைக்கும் பேர் கோட்டைக்குப்பம். ஏரியில் யாருக்கு எந்த நாள் எந்த இடம்னு முறை வச்சு வலை போடுற 'பாடு' வழக்கம் அங்கே இன்னும் உயிரோட இருக்கு.

கப்பல் ஏத்தப்பட்டவங்களுக்கு அங்கே ஒரு கல் கூட இல்ல. கல்லறைப் படத்தை நண்பனுக்கு அனுப்பி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்தது: "அப்போ உங்க ஊர் ஆளுங்க எங்க ஊர்லதான் இருக்காங்க. நான் கூட இருக்கலாம்."

அடுத்த வீக்கெண்ட் பழவேற்காடு பிளான் பண்றீங்கன்னா படகுல போங்க, இறால் வறுவல் சாப்பிடுங்க, எலும்புக்கூடு கூட ஃபோட்டோவும் எடுங்க. அப்படியே கோட்டை அகழிப் பக்கம் போய் ஒரு பத்து நிமிஷம் நின்னுட்டு வாங்க. பார்த்ததை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.