தீவுகளின் சோற்றுக் கணக்கு

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அந்தமானில் முதல் ஆங்கிலேயக் குடியேற்றத்தை அமைத்தது தெற்கே, சாத்தம் தீவில். அந்த இடம் வந்தவர்களின் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, போர்க்கப்பல்களுக்கு வசதியான துறைமுகம் வேண்டும் என்று மொத்தக் கூட்டத்தையும் வடக்கு அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே நோய் வாரிக்கொண்டு போனது. 1796இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். ஓர் ஊர் வாழத் தகுந்ததா என்பதை அன்று முடிவு செய்தது சாவுக் கணக்கு.

1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்க, குடியேற்றம் மறுபடி தொடங்கியது. இந்த முறை தலைமையிடம் ராஸ் தீவு. அதிகாரிகள் குடியிருந்த அந்தச் சிறு தீவில் ரொட்டி சுடும் அடுமனை கட்டினார்கள். குடிதண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலையும் வைத்தார்கள். இரண்டின் இடிபாடுகளையும் இன்றும் பார்க்கலாம். சுத்தமான தண்ணீருக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை ஆட்சி நன்றாகவே அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த அறிவு எதிர்க்கரையில் கைதிகளின் அடுப்படிக்குப் போய்ச் சேரவில்லை.

1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் சோறே ஒரு போராட்டக் களமானது. 1933 மே மாதம் அரசியல் கைதிகள் தொடங்கிய உண்ணாவிரதத்தின் கோரிக்கைகளில் தின்னத்தக்க உணவும் ஒன்று. 46 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவர் உயிரிழந்தார்கள். வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே செலுத்திய பால் நுரையீரலுக்குள் போனதால் இறந்தவர் மகாவீர் சிங். அந்தமானில் உணவின் தரத்தைப் பற்றிப் பேசும் எவரும் இந்த மூன்று பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும்.

பெருநிலத்தில் இதற்குள் வேறொரு கணக்கு தொடங்கியிருந்தது. சென்னை மாகாணம் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு வங்காளம் இயற்றியது. மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த சட்டங்களுக்குப் பதிலாக நாடு முழுவதற்குமாக உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேள்விகள் இவைதாம்: இன்ஸ்பெக்டர் எத்தனை சாம்பிள் எடுத்தார், எத்தனை தேறவில்லை, எத்தனை வழக்கில் தண்டனை கிடைத்தது? பாலில் தண்ணீரையும் மிளகில் பப்பாளி விதையையும் பிடிக்க அது உதவியது. சாப்பிட்டவருக்கு என்ன ஆயிற்று என்பது அந்தக் கணக்கின் மையத்தில் இல்லை.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. மாநிலங்களின் செயல்பாட்டை அளக்கத் தேசிய அளவில் ஓர் அளவுகோல் வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. 2018–19ஆம் ஆண்டுக்கான முதல் மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) வெளியிட்ட நாள் 2019 ஜூன் 7. உலக உணவுப் பாதுகாப்பு நாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டதும் அன்றுதான். நூறு மதிப்பெண்ணை ஐந்து கூறாக்கினார்கள். ஆள்பலமும் நிர்வாக அமைப்பும் 20, சட்டத்தைச் செயல்படுத்துவது 30, பரிசோதனைக்கூடமும் கண்காணிப்பும் 20, பயிற்சி 10, நுகர்வோர் விழிப்புணர்வு 20. பெரிய மாநிலங்கள், சிறிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்று மூன்று வரிசை. 2021–22இல் 82 மதிப்பெண்ணோடு பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம் பெற்றது.

அந்தமான் நிக்கோபாருக்கு இதில் கிடைத்த இடம் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 2019–20ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச வரிசையில் சண்டிகர், டெல்லிக்கு அடுத்து மூன்றாவது. மறு ஆண்டு டெல்லியையும் முந்தி, ஜம்மு காஷ்மீருக்கு அடுத்த இரண்டாவது. 2021–22இல் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை.

அந்த முதல் இரண்டு ஆண்டுகளின் ஏற்றத்தைச் சிறிதாக எண்ணக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி இங்குள்ள மக்கள் 3.8 லட்சம் பேர்தான். அவர்கள் சிதறி வாழும் தீவுகளோ வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. தலைநகரின் அபர்தீன் பஜாரிலுள்ள மளிகைக் கடைக்கு வரும் மூட்டைகளில் பெரும்பகுதி சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வருகிறது. தெற்கே கேம்ப்பெல் பேவுக்குப் போக வேண்டிய சரக்கு அங்கிருந்து இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் போக வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் வழியெல்லாம் கூடவே வரும். எடுத்த மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும், பகுப்பாய்வாளர் அது கைக்கு வந்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். சண்டிகரில் ஒரு ஜீப் போதும். இங்கே கப்பல் அட்டவணையைப் பார்த்துத்தான் அதிகாரி புறப்பட முடியும். அதிகாரியே நியமிக்கப்படாத தீவில் பரிசோதனையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த வகையில் ஆள்பலத்துக்கு மதிப்பெண் வைத்தது நல்ல காரியம்.

இருந்தாலும் இந்தக் குறியீடு முதன்மையாக அளப்பது அரசு அலுவலகத்தின் உழைப்பை. உண்டவர் நலமாக இருக்கிறாரா என்பது அதில் நேராகத் தெரியாது. தீவுகளின் அண்மை வரலாறே இதை எடுத்துக்காட்டுகிறது. 2002இன் கடைசி மாதங்களில் நன்கவுரித் தீவுக்கூட்டத்து நிக்கோபாரி ஊர்களில் காலரா பரவியது. அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட தலைநகரில் 1983 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் அந்தக் கிருமியை விப்ரியோ காலரே ஓ1 என்று அடையாளம் கண்டு, நோய் பரவிய விதத்தை ஆராய்ந்தது. கடை உரிமங்களை எண்ணினால் இப்படியொரு செய்தி கிடைக்காது. ஊர் ஊராகப் போய் நோயாளிகளை எண்ணினால்தான் கிடைக்கும்.

2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் நடந்தது இன்னும் கொடியது. கரையொதுங்கிய கலத்திலிருந்த திரவத்தைச் சாராயம் என்று நினைத்துக் குடித்த ஓங்கே மக்களில் 8 பேர் இறந்தார்கள். அது மெத்தனால் என்று செய்திகள் கூறின. அந்த இனத்தில் அன்று மொத்தமே சுமார் நூறு பேர்தான். உரிமம், பயிற்சி, விழிப்புணர்வு முகாம் எதுவும் எட்டாத வழியில் வந்தது அந்த நஞ்சு.

உணவால் வரும் நோய்களால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் பாதிக்கப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் மதிப்பிட்டது. 2022இல் அது ஏற்ற உத்தியின் இலக்குகளில் ஒன்று, உணவு வழி வயிற்றுப்போக்கை 2030க்குள் 40 சதவீதம் குறைப்பது. குறைந்ததா என்று சொல்ல, இப்போது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது: உணவு நஞ்சேறல் என்று சந்தேகப்படும் நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையம் அறிவிக்கை செய்யலாம். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வாரந்தோறும் வயிற்றுப்போக்கு, உணவு நஞ்சேறல் பரவல்களைத் தொகுத்து வருகிறது.

2022–23இல் குறியீட்டையே திருத்தி, முந்தைய ஆண்டைவிட முன்னேறியதற்கென்று ஒரு கூறு சேர்த்தார்கள். அப்படியானால் உண்டவர் நலத்துக்கென்று இன்னொன்றும் சேர்க்கலாம். கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையிலும் கமோர்ட்டாவிலும் ஹட் பேவிலும் வாந்தி பேதியோடு வந்து படுப்பவர்களின் பதிவேட்டிலிருந்து அதற்கான எண்களை எடுக்கத் தொடங்கலாம்.