சிறைக் கதவும் வானொலி அரங்கும்

கேள்வி கேட்பது எளிது. பதில் சொன்னவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே! நாத்திகருடன் கிறித்தவர் உரையாடிய வரலாற்றைப் புரட்டும்போது நாம் முதலில் காண்பது இதைத்தான்.

1842. இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில், ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் எனும் 25 வயது இளைஞர், வறுமையைப் போக்கும் வழிபற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் போதகர் ஒருவர் எழுந்தார். மனிதனுக்குரிய கடமையைச் சொன்னீர், கடவுளுக்குரிய கடமையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஹோலியோக் மழுப்பவில்லை. கடவுளிடம் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். மறுமொழியாக வந்தது வாதமா? இல்லை, வழக்கு! தெய்வ நிந்தனை என்று சொல்லி ஆறு மாதச் சிறை! அவர் கிளாஸ்டர் சிறையில் கிடந்த நாட்களில் அவருடைய சின்னஞ்சிறு மகள் மாண்டாள். கேள்வி கேட்டவரின் மதம் அன்பைப் போதித்தது; அதைக் காக்கப் புறப்பட்ட சட்டமோ அன்பை அறியவில்லை.

106 ஆண்டுகள் உருண்டன. 1948 சனவரி 28. பி.பி.சி. வானொலியில் இருவர் பேசினர். ஒருவர் ஏசு சபைத் துறவி கோப்பிள்ஸ்டன், வயது 40. மற்றவர் பேரறிஞர் பெர்ட்ரண்ட் ரசல், வயது 75. பொருள்: கடவுள் உண்டா?

துறவி எப்படித் தொடங்கினார்? நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. 'கடவுள்' என்ற சொல்லுக்கு இருவரும் ஒப்பும் பொருளை முதலில் வகுத்துக்கொண்டார். கடவுள் இல்லை என நிரூபிக்க முடியும் என்பதா உம் நிலை என்று வினவினார். அல்ல, அறியவொண்ணாமையே என் நிலை என்றார் ரசல். எதிராளி சொல்லாததை அவர்மேல் சுமத்தாமல், சொன்னதைக் கேட்டறிந்த பின்னரே வாதம் நடந்தது. உலகுக்குக் காரணம் வேண்டும் என்றார் துறவி. உலகம் இருக்கிறது, அவ்வளவே. முழுமைக்கும் ஒரு காரணம் தேடுவது பொருளற்றது என்றார் ரசல். பின்னர் ஒழுக்கத்தின் அடிப்படைபற்றியும் வாதிட்டனர். முடிவில் எவரும் மனம் மாறவில்லை. எவரும் சிறை செல்லவுமில்லை!

இந்த மாற்றம் தானாக வந்ததா? ஹோலியோக் போன்றோர் சிறையில் கொடுத்த விலை அது. தெய்வ நிந்தனைக் குற்றமோ இங்கிலாந்தில் 2008-இல்தான் ஒழிந்தது.

நாத்திகருடன் உரையாட விரும்பும் கிறித்தவர்க்கு வரலாறு தரும் பாடம் இதுவே: சட்டத்தின் கோலைக் கீழே வையுங்கள்; சொல்லின் பொருளைத் தெளியுங்கள்; பதிலை முழுவதும் கேளுங்கள்.

இளைஞர்களே, இது நமக்கும் பாடமல்லவா? ஏளனத்தால் எதிரியின் வாயை அடைக்கலாம். எண்ணத்தை அசைக்க முடியாது. கேட்கும் செவி நமக்கும் வேண்டும்.