கரமனை ஆறும் மூன்று அடுக்கு நிறமும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்தால் நல்லது.

உங்கள் கையில் இருக்கும் செல்போன் ஆகட்டும், கழுத்தில் தொங்கும் லட்ச ரூபாய் கேமரா ஆகட்டும், அது எடுக்கும் கலர் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் கணக்குப் போட்டு நிரப்பியது. நிஜமாகத்தான் சொல்கிறேன். சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரு கலர் ஃபில்டரை வைத்துவிடுகிறார்கள். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று கோலப்புள்ளி மாதிரி. கோடக் கம்பெனியில் இருந்த பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பச்சைப் புள்ளிக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். அங்கே சிவப்பும் நீலமும் எவ்வளவு இருந்தன என்பதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து கேமராவே ஊகித்துக்கொள்ளும்.

நான் பேங்க்காரன். எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. ஒரு கிளை டெபாசிட் கணக்கை மட்டும் அனுப்புகிறது. அடுத்த கிளை கடன் கணக்கை மட்டும். மூன்றாவது கிளை வாராக்கடனை மட்டும். மீதிக் கட்டங்களை ரீஜனல் ஆபீஸ் பக்கத்துக் கிளைகளைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஆடிட்டர் அதில் கையெழுத்துப் போடுவாரா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்த பிறகுதான் எனக்கு இது உறுத்த ஆரம்பித்தது. எங்கள் ஊரில் நெல்லின் பச்சை ஒன்றுதான், மற்றதெல்லாம் புழுதி நிறம். இங்கே ஜூன் மாதத்து மழையில் ஒரே மதில் பக்கத்தில் தென்னை, பலா, வாழை, மரவள்ளி, சேம்பு, பாசி என்று ஆறு பச்சை நிற்கும். நடுவே நனைந்த வெட்டுக்கல்லின் சிவப்பு. போனில் எடுத்துப் பார்த்தால் ஆறு பச்சையும் ஒரே பச்சையாகிவிடும்.

இந்த நாட்டை முதலில் விரிவாகப் படம் பிடித்தவர்களில் முக்கியமானவர் சக்கரியா டிகுரூஸ். திருவிதாங்கூர் அரசின் போட்டோகிராபர். 1900ல் வைஸ்ராய் கர்சன் பிரபு இங்கே வந்த சமயத்தில் இவர் படங்களின் ஆல்பம் ஒன்று அவர் கைக்குப் போயிற்று. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் கர்சன் தொகுப்பில் இருக்கிறது. காயல், மலை, கட்டிடம் எல்லாம் துல்லியம். ஆனால் கறுப்பு வெள்ளை. வெட்டுக்கல்லும் தென்னந்தோப்பும் ஒரே சாம்பல். (அன்றைய திருவிதாங்கூர் என்றால் 1956 நவம்பர் 1 வரை நம் நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் சேர்ந்ததுதான். நாகர்கோவில்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அதே காலத்தில் நம் பூஜை அறைகளில் நிறம் கொட்டிக் கிடந்தது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு. லக்ஷ்மி படத்தின் புடவைச் சிவப்பு அப்படி அடுக்கி அடுக்கி வந்ததுதான். இந்த "அடுக்கு" என்ற வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவில் நிறம் வந்த கதையே இரண்டு வழிகளின் போட்டிதான். ஒரு வழி, கோலப்புள்ளி மாதிரி நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தூவுவது. இன்னொரு வழி, மூன்று நிறங்களையும் அதே இடத்தில் முழுசாகப் பதிவது.

முழுசாகப் பதியலாம் என்று முதலில் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1861ல். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியாக மூன்று முறை எடுத்து, மூன்றையும் திரையில் ஒன்றாக விழவைத்தார். இதே முறையில் ரஷ்யாவின் புரோகுடின் கோர்ஸ்கி ஜார் மன்னரின் ஆதரவோடு 1909 முதல் நாடு முழுக்கச் சுற்றி எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 1948ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தக் கண்ணாடி நெகடிவ்களை வாங்கியது. அசையாத தேவாலயம் அப்படியே தத்ரூபம். ஓடும் ஆற்றில் மட்டும் பச்சையும் சிவப்பும் தனித்தனியாகத் தெறிக்கும், ஏனென்றால் மூன்று படமும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தவை. அலை காத்திருக்குமா? நம் தென்னங்கீற்றும் காத்திருக்காது.

1907ல் லூமியேர் சகோதரர்கள் "ஆட்டோகுரோம்" கண்ணாடித் தகடைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு மாவுத் துகளை மூன்று நிறங்களில் தோய்த்துக் கண்ணாடியில் தூவியது. ஆம், பேயரின் கோலத்துக்கு இது தாத்தா. பிறகு 1935ல் கோடாக்ரோம். கண்டுபிடித்த மேன்ஸ், கோடோவ்ஸ்கி இருவருமே சங்கீதக்காரர்கள். ஒரே ஃபிலிமில் மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிறம். ஊகம் இல்லை.

அந்தக் கோடாக்ரோமைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவைக் கலரில் பார்த்தவர் ரகுபீர் சிங். 1986ல் கேரளத்தைப் பற்றியும் 1996ல் தமிழ்நாட்டைப் பற்றியும் தனித்தனிப் புத்தகம் போட்டார். அன்றைய மேல்நாட்டுக் கலைஞர்களுக்குக் கறுப்பு வெள்ளைதான் கலை, கலர் என்றால் விளம்பரம். அவர் அதை ஏற்கவில்லை. போட்டோவை இந்தியர்கள் கண்டுபிடித்திருந்தால் கலரில் பார்ப்பது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது என்று வாதாடினார். எனக்கு அவர் கட்சிதான். டிகுரூஸின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நனைந்த வெட்டுக்கல்லைச் சாம்பலாகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் கோடாக்ரோமில் ஒரு வில்லங்கம் இருந்தது. சாயம் ஃபிலிமுக்குள் கிடையாது, கழுவும்போதுதான் அடுக்கடுக்காகச் சேர்ப்பார்கள். அதற்கென்று தனி லேப், தனி ரசாயனம். டிஜிட்டல் வந்து ஆள் குறைந்ததும் 2009ல் கோடக் நிறுத்தியது. கடைசியாகக் கழுவிக்கொடுத்த லேப் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில். 2010 டிசம்பர் 30 கடைசி நாள். அதற்குப் பிறகு யார் வீட்டு அலமாரியிலாவது கழுவாத ரோல் கிடைத்தால் அதிலிருந்து கறுப்பு வெள்ளைதான் எடுக்க முடியும். நிறம் போனது போனதுதான்.

இப்போது டிஜிட்டல் அடுக்குக்கு வருவோம். கலிபோர்னியாவில் 1997ல் கார்வர் மீட் என்ற பேராசிரியர் முயற்சியில் ஃபோவியான் என்ற கம்பெனி பிறந்தது. அங்கே ரிச்சர்ட் மெரில் என்ற எஞ்சினியர் சிலிக்கானின் ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டார். நீல ஒளி சிலிக்கானின் மேல்பரப்பிலேயே உறிஞ்சப்படும், பச்சை இன்னும் கொஞ்சம் கீழே, சிவப்பு ஆழத்தில். அப்படியானால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று ஆழத்தில் அளந்தால் போதுமே! ஃபில்டரும் வேண்டாம், ஊகமும் வேண்டாம். 2002ல் இது ஜப்பானின் சிக்மா எஸ்டி9 கேமராவில் வந்தது. (2003லிருந்து ஐந்து வருடம் ஃபோவியானுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர் ஃபெடெரிகோ ஃபாஜின். இன்டெலின் முதல் மைக்ரோபிராசசரை வடிவமைத்தவர்களில் ஒருவர்.)

2008 மார்ச்சில் வந்த டிபி1தான் நம் போன்ற ஆட்களுக்கான சங்கதி. சட்டைப் பையில் அடங்கும் உடம்பு, உள்ளே பெரிய கேமராவின் சென்சார். அந்த வருஷக் கடைசியில் ஃபோவியானையே சிக்மா வாங்கிவிட்டது. அதே 2008ல் மெரில் காலமானார். 2012ல் 4.6 கோடிப் புள்ளி சென்சாரோடு வந்த கேமராக்களுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: டிபி1 மெரில், டிபி2 மெரில், மறு வருஷம் டிபி3 மெரில். தொழிலாளி பெயரைப் பொருளுக்கு வைக்கும் முதலாளிகள் எத்தனை பேர்?

வியாபாரம் மட்டும் சரியாக அமையவில்லை. முதலில் புள்ளிக் கணக்குத் தகராறு. மூன்று அடுக்கையும் கூட்டி ஒரு கோடியே நாற்பது லட்சம் என்று டிபி1க்கு விளம்பரம், எதிராளிகள் "ஒரே டெபாசிட்டை மூன்று தடவை எண்ணுகிறாய்" என்றார்கள். இரண்டு பக்கமும் பாதி நியாயம். அடுத்தது விலை. 2011ல் ஏறக்குறைய 7000 டாலருக்கு விற்ற எஸ்டி1, 2012 பிப்ரவரியில் சுமார் 2300 டாலர் ஆனது. முன்பே வாங்கியவர்களுக்கு வேறு சிக்மா பொருள் வாங்கிக்கொள்ளப் பாயின்ட் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். முதல் விலை நிர்ணயம் எந்த கிரெடிட் கமிட்டியிலும் தேறியிருக்காது.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிபி2 மெரில். இது பொறுமைசாலிகளின் கேமரா. ஒரு பேட்டரிக்கு நூறு படம் வந்தால் அதிகம், கம்பெனியே பெட்டியில் இரண்டு பேட்டரி வைத்தது. ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200ல்தான் இதன் அருமை தெரியும். மூன்று ஆழங்களிலும் நிறங்கள் கொஞ்சம் கலந்தே விழும், பிரித்தெடுக்கக் கணக்குப் போடும்போது இருட்டுப் பகுதிகளில் பச்சையும் ரோஸும் திட்டுத்திட்டாக எழும். (ஊகமே இல்லை என்று மேலே சொன்னேனே, கணக்கே இல்லை என்று சொல்லவில்லை!) எனவே ஸ்டாண்ட் வேண்டும், காற்றில்லாத விடியல் வேண்டும். வெள்ளாயணிக் காயலில் ஆறு மணிக்குப் போனால் இரண்டும் கிடைக்கும். பொன்முடியில் மூடுபனி விலகும் பத்து நிமிஷம் இன்னும் விசேஷம். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் டப்பா மட்டும் மறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் சிக்மா ஃபோட்டோ புரோ என்ற இலவச மென்பொருளில்தான் கழுவ வேண்டும். எக்ஸ்3எஃப் என்ற மூலக் கோப்பு ஒவ்வொன்றும் 45 எம்பி அளவில். நான் செய்வது கொஞ்சமே. ஒயிட் பேலன்ஸ் "வெயில்" என்று வைத்து அதிலிருந்து கண்ணுக்குத் தகுந்தபடி நகர்த்துவேன். ஃபில் லைட் என்ற நெம்புகோலை இடப்பக்கம் துளி தள்ளுவேன், வலப்பக்கம் தள்ளினால் நிழல் எல்லாம் பொய்யாகிவிடும். ஷார்ப்னஸைக் குறைத்துவிடுவேன், இந்த சென்சாருக்கு அது தேவையே இல்லை. பிறகு 16 பிட் டிஃப் ஆகச் சேமிப்பேன். ஆறு பச்சையும் ஆறாகவே இருக்கும்.

டிஃப் ஆகச் சேமிப்பதற்குக் காரணம் கோடாக்ரோம்தான். மெரில் கோப்பை அடோபி திறக்காது. சில தன்னார்வலர்கள் இதை டிஎன்ஜி ஆக மாற்ற ஓர் இலவச நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். 2014ல் வந்த குவாட்ரோ வகையோடு அந்தக் கச்சிதமான டிபி வரிசையும் முடிந்துவிட்டது. முழு அளவு மூன்றடுக்கு சென்சார் வரும் என்று 2018ல் சிக்மா அறிவித்தது, 2021ல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றது, இதை எழுதும்வரை கடைக்கு வரவில்லை. அதாவது மறுபடியும் ஒரே லேப், ஒரே ஊர். எந்த நிறத்தை நாளைக்கும் திறக்க முடியும் என்பது ஒரு கம்பெனியின் ஐந்தொகையைப் பொறுத்தது.

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலோ இருந்தாலும், ஊர் என்று நம்மிடம் இருப்பது பீரோவில் இருக்கும் ஆல்பம்தான். எழுபதுகளின் கலர் பிரிண்டைத் திறந்து பாருங்கள். இருட்டிலேயே வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் கரைந்து, கல்யாணப் பந்தல், குளம், தாத்தாவின் வேஷ்டி எல்லாம் சிவந்து கிடக்கும். பிள்ளைகள் ஊர் அந்த நிறம் என்றே நினைத்துக்கொள்ளும்.

கரமனையில் எங்கள் தெருவில் ஒரு மாமி. அவருடைய அத்திம்பேர் அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எடுத்த கோடாக்ரோம் ஸ்லைடுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அட்டைச் சட்டத்தில் கழுவிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கிறது: 1967. "பாத்து எடுத்துண்டு போங்கோ, திரும்பக் கிடைக்காது" என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கரமனை ஆற்றுப் படித்துறை, வெட்டுக்கல் மதில், காயப்போட்ட பச்சைப் பட்டுப் புடவை. நேற்று எடுத்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே மாமியின் 1978 கல்யாண ஆல்பம், முழுக்கச் செங்கல் நிறம்.

ஸ்கேன் செய்வதில் ஒரு சிக்கல். ஸ்கேனரின் தானியங்கித் தூசி நீக்கி கோடாக்ரோமில் ஒழுங்காக வேலை செய்யாது, ஆகவே ஊதும் குழாயும் மெல்லிய பிரஷும் வைத்துக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். மொத்தம் 36 ஸ்லைடு, இதுவரை 11 முடிந்திருக்கிறது. படித்துறையின் அதே கோணத்தை மெரிலில் எடுக்க இரண்டு ஞாயிறு போயும் ஆற்றில் வெள்ளம் மேல்படி வரை நிற்கிறது. மழை கொஞ்சம் விட்டதும் மறுபடி போக வேண்டும். அந்த மதிலில் பாதி இன்னும் இருக்கிறது.