தாடை இல்லாத பேட்மேன்

1988இல் பேட்மேனாக மைக்கேல் கீட்டன் நடிக்கப்போகிறார் என்ற செய்தி வெளியானதும் வீரனுக்குரிய சதுரத் தாடை அவருக்கு இல்லை என்று வார்னர் பிரதர்ஸ் அலுவலகத்தில் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 50,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலே இதைச் செய்தியாக்கியது. ஒரு நடிகரின் தாடையைப் பற்றி வர்த்தகப் பத்திரிகைக்கு என்ன கவலை என்று கேட்க வேண்டாம். பல கோடி டாலர் முதலீடு அந்தத் தாடையை நம்பி இருந்தது. ரசிகர்களின் கோபத்தை வெறும் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1966 முதல் 1968 வரை ஆடம் வெஸ்ட் நடித்து ஓடிய தொலைக்காட்சித் தொடர் பேட்மேனைக் கேலிக்கூத்தாக்கி வைத்திருந்தது. அந்தக் கறையைத் துடைக்க வந்த படக்கதைகளில் முக்கியமானது ஃபிராங்க் மில்லர் 1986இல் படைத்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'. அது வந்து இரண்டே வருடத்தில், 'மிஸ்டர் மாம்', 'பீட்டில்ஜூஸ்' என்று சிரிக்கவைத்தே பேர் வாங்கிய ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பழைய கூத்து மறுபடி ஆரம்பமாகிவிடும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் சூப்பர் ஹீரோவுக்கு ஆள் எடுக்கும் வழக்கத்தை மாற்றியது அந்தத் தேர்வுதான் என்பேன். அதற்குப் பாதிக் காரணம் இயக்குநர் டிம் பர்ட்டனின் யோசனை. மீதிக் காரணம் ரப்பர்.

அதுவரை உடம்பைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். 1978இல் 'சூப்பர்மேன்' படத்துக்கு வந்த கிறிஸ்டோபர் ரீவுக்கு உயரம் இருந்தது, சதை போதவில்லை. டேவிட் பிரவுஸ் பயிற்சி கொடுத்து அவர் உடம்பை ஏற்றினார். உடலோடு ஒட்டிய துணி உடுப்பில் எதையும் ஒளிக்க முடியாதே. சூப்பர்மேனுக்கு அது பொருத்தம்தான்: வேற்றுக்கிரகத்துப் பிள்ளை, பறக்கிறான், அவன் ஏன் அப்படி உடுத்துகிறான் என்று யாரும் கேட்பதில்லை. பேட்மேனின் சங்கதி வேறு. 1939இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய இந்தப் பாத்திரத்துக்கு எந்த அதிசய சக்தியும் கிடையாது. சிறுவயதில் கண்ணெதிரே தாய் தகப்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பையன் கோடீஸ்வரனாக வளர்ந்து, இரவானால் வௌவால் வேடம் கட்டிக்கொண்டு கூரை மேல் நிற்கிறான். மலை போன்ற உடம்புள்ளவன் எதற்காக வௌவால் வேடம் போடவேண்டும் என்பதுதான் பர்ட்டன் எழுப்பிய கேள்வி. அடித்து வீழ்த்த அவனுக்குக் கையே போதும். சராசரி ஆள், அதுவும் உள்ளே எதுவோ உடைந்துபோன ஆள்தான் எதிரியை மிரட்ட வேடத்தைத் தேடுவான். போதைக்கு அடிமையானவராகக் கீட்டன் நடித்த 'கிளீன் அண்ட் சோபர்' 1988இல்தான் வந்தது. அந்த நடிப்பைப் பார்த்துவிட்டு அவர் பெயரை முன்மொழிந்தவர் தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ்.

சராசரி உடம்புக்காரரைத் திரையில் நம்பவைக்க வழி செய்தது பாப் ரிங்வுட் வடிவமைத்த கறுப்பு ரப்பர் உடை. மார்பும் வயிற்றுத் தசையும் அதிலேயே வார்க்கப்பட்டிருந்தன. உடம்பின் வேலையை உடை பார்த்துக்கொண்டதால் நடிகருக்கு மிஞ்சியது இரண்டு கண்ணும் ஒரு வாயும். கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் யாரையாவது பார்க்கவேண்டுமென்றால் தோளோடு மொத்தமாகத் திரும்பவேண்டும். இன்று பேட்மேனின் கம்பீரம் என்று பேசப்படும் அந்த விறைப்பில் பெரும்பங்கு தையற்கூடம் செய்த வேலை. கீட்டனுக்கு அடைபட்ட இடம் என்றாலே பயம். உடைக்குள் இருந்த திணறலே தன்னை உள்ளுக்குள் சுருங்கவைத்துப் பாத்திரத்துக்கு உதவியது என்று அவர் சொல்லியிருக்கிறார். உடை இல்லாத காட்சிகளில் தேர்வின் காரணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நீண்ட மேசையின் இரு கோடியில், வேடம் இல்லாத பேட்மேனான புரூஸ் வேய்னும் புகைப்பட நிருபர் விக்கி வேலும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சொந்த வீட்டின் அந்த அறைக்குள் தான் இதற்குமுன் வந்ததாகவே அவனுக்கு நினைவில்லை. நடுராத்திரியில் விக்கி கண்விழித்துப் பார்த்தால் அவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறான். பின்னர் அவள் வீட்டில் வில்லன் ஜோக்கரோடு மென்மையாகப் பேசிக்கொண்டே இருந்தவன், திடீரென்று கணப்படுப்புக் கம்பியை எடுத்து ஜாடியை உடைக்கிறான். சதுரத் தாடை அழகன் ஒருவன் இதைச் செய்தால் வீரம் என்று கைதட்டியிருப்பார்கள். கீட்டன் செய்யும்போது, இவனுக்கு நிஜமாகவே கழன்றுவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது.

1989 ஜூனில் வெளியான படம் உலகம் முழுவதும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்குக் காரணம் ஜோக்கராக வந்த ஜாக் நிக்கல்சனும் சட்டையிலும் தொப்பியிலும் விற்ற வௌவால் சின்னமும்தான், கீட்டன் அல்ல என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம், வசூலை நான் சான்றாகவே காட்டவில்லை. இந்த மனக்காயம் 1939 முதலே படக்கதையில் இருக்கிறது, சினிமா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது வலுவான மறுப்பு. ஆனால் தாளில் இருந்தது நடிகர் தேர்வைத் தொடவே இல்லை: அந்தக் காயத்தை ஏறக்குறைய 50 ஆண்டுகள் சுமந்த பாத்திரத்துக்குத்தான் 1988இலும் ரசிகர்கள் தாடை கேட்டார்கள். மூன்றாவது மறுப்பு கொஞ்சம் சங்கடப்படுத்துவது. உடம்பு பிறகு திரும்பிவிட்டதே? 'தி மெஷினிஸ்ட்' படத்துக்காக எலும்பும் தோலுமாக இளைத்த கிறிஸ்டியன் பேல் 2005இல் பேட்மேனாகத் தசையேற்றிக்கொண்டு வந்தார். இன்று சட்டை கழற்றும் காட்சி இல்லாத சூப்பர் ஹீரோ படம் அபூர்வம். ஆனால் பேல் உடம்பை அந்த வேடத்துக்காக ஏற்றினார், உடம்பைக் காட்டி வேடத்தைப் பெறவில்லை. உடற்பயிற்சி சம்பளத்தோடு வரும் வேலையாகிவிட்டது. நடுவில் 1997இல் ஜார்ஜ் குளூனியை வைத்து அழகன் வழிக்கே திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் படம் வாங்கிய அடியில் பேட்மேன் எட்டு வருடம் திரையரங்குப் பக்கம் தலைகாட்டவில்லை.

ரசிகர்கள் மட்டும் மாறவில்லை. 2013இல் பென் அஃப்லெக்கை பேட்மேன் வேடத்திலிருந்து நீக்கச்சொல்லி இணையத்தில் மனுப் போட்டார்கள். 2019இல் அதே வேடத்துக்கு வந்த ராபர்ட் பாட்டின்சனுக்கு, அவர் முன்பு நடித்த 'ட்வைலைட்' காதல் படங்களைச் சொல்லிக் கேலி. தயாரிப்பாளர்களோ எதிர்ப்பை இப்போது விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றத்தின் அளவைப் பார்க்க ஒப்பனையைக் கவனித்தால் போதும். முகமூடிக்கும் தோலுக்கும் இடையே வெளிறிய வளையம் தெரியாதிருக்கக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை பூசுவது வழக்கம். 1992இன் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் கீட்டன் முகமூடியைக் கிழித்தெறிவதற்குச் சற்று முன்னால் அந்த மை மாயமாக மறைந்துவிடுகிறது. கோளாறு என்று இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். 2022இல் பாட்டின்சன் முகமூடியைக் கழற்றும்போது மை கலைந்து கண்ணைச் சுற்றி அப்படியே அப்பிக்கிடக்கிறது, அதைத் துடைத்துவிட யாருக்கும் தோன்றவில்லை.