பில் கேட்ஸ் முகத்தைப் பார்த்து ஏன் கத்தினார்கள்? மேக் – விண்டோஸ் ரசிகர் சண்டையின் கதை

இந்த எபிசோடில் ஒரு கூச்சலைப் பற்றிப் பேசப் போறோம். 1997 ஆகஸ்ட் 6, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஒரு அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்த மேக் ரசிகர்கள் போட்ட கூச்சல் அது. வீடியோ இன்றைக்கும் யூடியூபில் இருக்கு, பார்க்காதவங்க பாருங்க.

மேக்வேர்ல்ட் என்று ஒரு கண்காட்சி. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது ஊர்த் திருவிழா மாதிரி. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ். 1985-இல் ஆப்பிளை விட்டு வெளியேறிய மனுஷன், அப்போதுதான் திரும்பி வந்திருக்கார். கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தது. 1997 நிதியாண்டில் மட்டும் நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல். இந்த நிலையில் ஒரு புதுக் கூட்டாளியை ஜாப்ஸ் அறிவிக்கிறார். மைக்ரோசாஃப்ட்!

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட்டத்தின் சத்தம் எப்படி மாறுதுன்னு கவனிக்கணும். மேக்குக்கு அடுத்த 5 வருஷம் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் வரும் என்றதும் கைதட்டல். மேக்கில் இனி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் முதன்மை பிரவுசர் என்றதும் கூச்சல். மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போட்டு, வாக்குரிமை இல்லாத ஆப்பிள் பங்குகளை வாங்குது. கடைசியாக, மேடையில் ஜாப்ஸ் சின்னதாகத் தெரிய, அவருக்குப் பின்னால் ராட்சதத் திரையில் செயற்கைக்கோள் வழியாக பில் கேட்ஸின் முகம். கைதட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ‘ஊ’ சத்தம்தான் வரலாற்றில் நின்றது.

அதற்குப் பிறகு ஜாப்ஸ் சொன்னதன் சாரம் இதுதான்: ஆப்பிள் ஜெயிக்கணும்னா மைக்ரோசாஃப்ட் தோற்கணும் என்ற நினைப்பை நாம் விட்டுத் தொலைக்கணும்.

பொதுவா இந்தக் கதையை இதோடு முடிச்சிடுவாங்க. ‘முதலாளிங்க கைகுலுக்கிட்டாங்க, ரசிகர்கள் முட்டாளாகி நின்னாங்க’ என்று ஒரு நீதியும் சொல்லிடுவாங்க. எனக்கு அந்த நீதியில் பாதிதான் சம்மதம். அந்தக் கூச்சலில் ஒரு பகுதி வெறும் பக்தி. இன்னொரு பகுதி, ரொம்பச் சரியான கணிப்பு. இரண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னா கொஞ்சம் பின்னால் போகணும்.

1984 ஜனவரி. மேக்கின்டாஷ் வெளிவருது. விலை 2,495 டாலர், மெமரி 128 கேபி. சூப்பர் பவுல் போட்டியின் நடுவே ரிட்லி ஸ்காட் இயக்கிய ஒரு விளம்பரம்: சாம்பல் நிறக் கூட்டம், திரையில் சர்வாதிகாரி, ஒரு பெண் ஓடிவந்து சுத்தியலை வீசித் திரையை உடைக்கிறாள். அந்தச் சர்வாதிகாரியாக எல்லோரும் புரிந்துகொண்டது ஐபிஎம்மை. மைக்ரோசாஃப்ட் அப்போ எதிரி இல்லை, கூட்டாளி! மேக்குக்கு ஆரம்பத்திலேயே மென்பொருள் எழுதிய கம்பெனிகளில் அதுவும் ஒன்று. இன்னொன்று கேளுங்க: நம்ம எல்லாருக்கும் விண்டோஸோடு சேர்ந்தே மனதில் பதிந்த எக்ஸெல், முதலில் வந்தது மேக்குக்குத்தான், 1985-இல். விண்டோஸுக்கு 1987-இல்தான் வந்தது.

அதே 1985 நவம்பரில் விண்டோஸ் 1.0 வருது. மேக் திரை மாதிரியே இருக்கே என்று ஆப்பிள் முறைக்குது. மேக்குக்கான மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிடுமோ என்ற பயமும் அதற்கு இருந்தது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மேக்கின் திரை அம்சங்களை விண்டோஸில் பயன்படுத்த ஆப்பிள் உரிமம் கொடுத்தது. அந்தக் கையெழுத்துதான் பிறகு கழுத்தைப் பிடித்தது. 1988-இல் ஆப்பிள் பதிப்புரிமை வழக்குப் போட்டபோது, புகாரில் சொல்லப்பட்ட 189 அம்சங்களில் 179-க்கு ஏற்கெனவே உரிமம் கொடுத்தாச்சு என்று நீதிமன்றம் சொன்னது. 1994-இல் மேல்முறையீட்டிலும் ஆப்பிள் தோற்றது. இதற்கு நடுவில் ஜெராக்ஸ் வந்து, ‘இந்த யோசனையே எங்க ஆய்வகத்துல இருந்து போனதுதானே’ என்று ஆப்பிள் மேலேயே வழக்குப் போட்டது தனிக் கூத்து. அந்த வழக்கு நிற்கவில்லை.

ஆக, கம்பெனிகளைப் பொறுத்தவரை இது முதல் நாளில் இருந்தே பங்காளிச் சண்டை. ஒரு கையில் வழக்கு, இன்னொரு கையில் ஒப்பந்தம். ரசிகர்களுக்கு மட்டும் அப்படி இல்லை. அவர்களுக்கு அது நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நடக்கும் யுத்தம். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1994-இல் ஒரு பத்தியில் விளையாட்டாக எழுதினார்: மேக் கத்தோலிக்க மதம், டாஸ் புராட்டஸ்டன்ட் மதம் என்று. மேக் உங்களைக் கைப்பிடித்து, படங்கள் காட்டி, சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். டாஸில் நீங்களே படித்து, நீங்களே பொருள் கண்டுபிடித்துக்கொள்ளணும். ஆப்பிளே தன் பிரசாரகர்களுக்கு ‘எவாஞ்சலிஸ்ட்’ என்றுதான் பதவிப்பெயர் வைத்திருந்தது, கை கவாசாகி அதில் பிரபலமானவர். 1997 ஜூன் மாத வயர்ட் இதழின் அட்டையில் முள்கிரீடம் சூட்டிய ஆப்பிள் சின்னம், கீழே ஒரே சொல்: ஜெபியுங்கள்.

சரி, இதில் பக்தி எங்கே கண்ணை மறைத்தது? 1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 வந்தப்போ. மேக் ரசிகர்கள் ‘விண்டோஸ் 95 என்றால் 1989-ஆம் வருஷத்து மேக்’ என்று கிண்டல் வாசகம் போட்டார்கள். ஆப்பிளே ஒரு விளம்பரம் கொடுத்தது. பழைய டாஸில் ஃபைல் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது இல்லையா? அந்தக் கட்டுப்பாட்டைக் குத்திக்காட்ட, வாழ்த்துகள் என்ற ஆங்கிலச் சொல்லை டாஸ் ஃபைல் பெயராக நசுக்கி அச்சடித்து வாழ்த்துச் சொன்னது. நல்ல நக்கல்தான். ஆனால் திரைக்குப் பின்னால் நிலைமை வேற.

இதை ஒரு பட்டிமன்றத்தை வைத்துச் சொல்றேன். அன்றைய மேக்கில் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடுவது, நடுவரிடம் மணியே இல்லாத பட்டிமன்றம் மாதிரி. பேச்சாளர் தானாக மைக்கை விட்டால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. ஒருத்தர் விடாமல் பிடித்துக்கொண்டால் மொத்தக் கூட்டமும் கொட்டாவி விடணும், அதாவது கம்ப்யூட்டர் உறைந்துவிடும். விண்டோஸ் 95 நடுவர் கையில் மணியைக் கொடுத்தது. குறைந்தபட்சம் புதிய 32-பிட் புரோகிராம்களுக்கு நேரம் முடிந்ததும் ஓஎஸ்ஸே மைக்கைப் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடும். அதே மாதிரி மேக்கில் ஒரு புரோகிராமின் மெமரிக்குள் இன்னொன்று புகுந்து கெடுக்காமல் தடுக்கும் சுவரும் இல்லை. இதையெல்லாம் சரிசெய்ய ஆப்பிள் ஆரம்பித்த கோப்லாண்ட் என்ற திட்டம் 1996-இல் கைவிடப்பட்டது. வெளியே இருந்து ஓஎஸ் வாங்கலாம் என்ற முடிவுக்கு வந்து, அந்த டிசம்பரில் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. ஜாப்ஸ் திரும்பி வந்ததே அப்படித்தான்.

அதாவது ‘எங்களைப் பார்த்துக் காப்பியடிச்சுட்டாங்க’ என்று ரசிகர்கள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், காப்பியடித்ததாகச் சொல்லப்பட்டவன் உள்ளுக்குள் முந்திப் போயிருந்தான். இது பக்தியின் விலை. நம்ம கட்சியின் ஓட்டையை நம்மால் பார்க்க முடியாமல் போவது.

இப்போ மறுபக்கம். அவர்கள் பயந்தது எதற்கு? ஒரு கம்பெனி தோற்றால் நமக்கென்ன, வேறு பெட்டி வாங்கிட்டுப் போகலாமே? அவ்வளவு சுலபம் இல்லை. 1985-இல் பேஜ்மேக்கர் மென்பொருளும் ஆப்பிளின் லேசர் பிரிண்டரும் சேர்ந்து, மேஜை மேலேயே பக்கம் வடிவமைக்கிற ஒரு தொழிலையே உருவாக்கின. டிசைனர்கள், சின்னப் பத்திரிகைகள், அச்சகங்கள் என்று பலருக்கு மேக்தான் சோறு. வாங்கின எழுத்துருக்கள், பழகின மென்பொருள், வருஷக்கணக்கில் சேர்த்த ஃபைல்கள் எல்லாம் அதற்குள்ளே.

மென்பொருள் எழுதுறவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். சும்மா ஒரு உதாரணத்துக்கு, நூறு வாடிக்கையாளரில் தொண்ணூறு பேர் ஒரு ஓஎஸ், பத்துப் பேர் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதற்கும் எழுத உழைப்பு கிட்டத்தட்ட அதே அளவு. அப்போ மேனேஜர் என்ன சொல்வார்? ‘பத்துப் பேருக்காக இவ்வளவு மெனக்கெடணுமா?’ மென்பொருள் வராது. வராததால் அந்தப் பத்தில் மூன்று பேர் மாறுவார்கள். ஏழானதும் அடுத்த கம்பெனியும் நிறுத்தும். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் விண்டோஸுக்கு மாறினால் என் மேக்கின் ஆயுசு குறையும். இதனால்தான் கம்ப்யூட்டர் ரசிகர்கள் மதம் பரப்பினார்கள். நான் வாங்கிய மிக்ஸியை நீங்களும் வாங்கணும்னு எனக்கு ஒரு அவசியமும் இல்லை. ஓஎஸ்ஸில் அவசியம் இருந்தது. ஆஃபிஸ் என்றதும் கைதட்டியவர்கள் மைக்ரோசாஃப்டை மன்னித்துத் தட்டவில்லை, பிழைத்தோம் என்று தட்டினார்கள்.

சரி, பிரவுசருக்குப் போட்ட கூச்சல்? அதற்கு விடை இரண்டு வருஷம் கழித்து வந்தது. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் போட்ட ஏகபோக வழக்கில், 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் தன் கண்டறிதல்களை வெளியிட்டார். அதில் மேக் ஆஃபிஸ் பற்றியும் ஒரு பகுதி உண்டு. நெட்ஸ்கேப் பிரவுசரை ஓரங்கட்டி எக்ஸ்ப்ளோரரை முன்னால் வைக்க ஆப்பிளை இணங்கவைக்க, மேக் ஆஃபிஸை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலை மைக்ரோசாஃப்ட் பயன்படுத்தியது என்று அவர் பதிவு செய்தார். மேடையில் நட்பாகத் தெரிந்ததன் உள்ளே ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடி எங்கிருந்து வந்தது? ஆஃபிஸ் இல்லாவிட்டால் மேக்கை விட்டு ஓடிவிடக்கூடிய அதே வாடிக்கையாளர்களிடமிருந்து! அரங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஆவணம் எதுவும் தெரியாது. ஆனால் எந்த அறிவிப்பில் வாடை அடிக்குதுன்னு மூக்கு சரியாகச் சொல்லியிருக்கு.

ஜாப்ஸ் சொன்னதும் பொய்யாகவில்லை. 2001-இல் நெக்ஸ்ட் அடித்தளத்தில் மேக் ஓஎஸ் டென் வந்தது, நடுவர் கையில் மணியோடு. 2003 அக்டோபரில் ஆப்பிளே விண்டோஸுக்கு ஐட்யூன்ஸ் எழுதிக் கொடுத்தது. ஐபாட் உலகத்தைச் சுற்றியதற்கு அந்த விண்டோஸ் கதவு ஒரு பெரிய காரணம். வேலிக்கு அந்தப் பக்கம் போனவன்தான் பெரிய ஆளானான்.

இப்போ ஃபோனுக்கு வருவோம். 2011-இல் ஐமெசேஜ் வந்தது. ஐஃபோனுக்கு ஐஃபோன் அனுப்பினால் நீலக் குமிழி, ஆண்ட்ராய்டு என்றால் பச்சை. இந்தியாவில் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் நமக்கு இது உறைக்காது. அமெரிக்கப் பள்ளிகளில் பச்சைக் குமிழிப் பிள்ளையைக் குரூப்பில் சேர்க்காமல் விடுகிற அளவுக்கு அது போனது. 2021-இல் எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் ஆப்பிளின் பழைய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால், ஐஃபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கித் தருவதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்று 2013-இல் ஒரு மூத்த அதிகாரி எழுதியிருந்தார். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மேலேயே ஏகபோக வழக்குப் போட்டது. அதே வருஷம் செப்டம்பரில், ஐஓஎஸ் 18-இல், ஆண்ட்ராய்டோடு பேச ஆர்சிஎஸ் வசதி வந்தது. படமும் வீடியோவும் தெளிவாகப் போகுது. குமிழி மட்டும் இன்னும் பச்சைதான்.

1997-இல் அடுத்தவன் கட்டிய சுவருக்குப் பயந்து கத்திய அதே முகாம், பதினைந்து வருஷத்தில் சுவர் கட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. ஏன்னா சுவர் ஒரு கொள்கையே இல்லை. யார் பெரிய ஆளோ, அவருக்கு லாபம் தரும் ஒரு பொருள்.

அதனால் ரசிகராக இருப்பது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். அந்த ரசிகர்கள் இல்லாமல் இருந்திருந்தால் 1997-இல் காப்பாற்ற ஆப்பிள் என்று ஒன்று மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் கத்துவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கலாம். நான் காப்பாற்றுவது என் ஃபைலையும் வேலையையுமா, அவங்க சின்னத்தையா? நாளைக்கு மனசு மாறினால், என் படங்களையும் மெசேஜ்களையும் மூட்டை கட்டிட்டு வெளியே போக முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், எந்தக் கட்சியில் இருந்தாலும் தாராளமாகக் கத்துங்க. அந்தக் கூச்சலுக்கு நியாயம் உண்டு.

உங்க ஃபோனில் இதை ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. எல்லாப் படத்தையும் வெளியே எடுக்க எத்தனை படி தாண்ட வேண்டியிருந்தது என்று எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதையே எடுத்துப் பேசலாம்.