எம். ஜே. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோய்சம் கோபாலன் (6 ஜூன் 1909 – 21 டிசம்பர் 2003) கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய தமிழ்நாட்டு வீரர். வேகப்பந்து வீச்சாளர், தேவைப்பட்டபோது நின்று ரன் சேர்க்கவும் தெரிந்தவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இவரே. ஆனாலும் இவர் பெயரை எடுத்தாலே, பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனவர் என்ற கதைதான் முதலில் வரும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மொரப்பாக்கத்தில் பிறந்தார். குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்ததில் சேப்பாக்கம் மைதானம் நடந்துபோகும் தூரத்தில் அமைந்தது. சென்னை கிரிக்கெட்டின் அன்றைய பெரிய புள்ளியான சி. பி. ஜான்ஸ்டன் அவரைக் கண்டெடுத்து, பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்து, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பிலும் சேர்த்துவிட்டார். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லாத அந்தக் காலத்தில், வசதியில்லாத வீட்டுப் பையன் மைதானத்தில் நிலைத்து நிற்க இப்படி ஒரு உத்தியோகம் வேண்டியிருந்தது. பொங்கலை ஒட்டி ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிய பிரசிடென்சி ஆட்டங்களில் கோபாலன் பெயர் பரவியது.

அவர் ஆடிய ஒரே டெஸ்ட் கல்கத்தா ஈடன் கார்டன்சில், 1934 ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. மட்டையால் 11 (ஆட்டமிழக்காமல்), 7. பந்துவீச்சில் 39 ரன்னுக்கு ஒரு விக்கெட். ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் நடந்தபோது, உள்ளூர்க்காரரான அவருக்கு அணியில் இடமில்லை. முகமது நிசார், அமர் சிங் இருவரும் புதுப் பந்தைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் மூன்றாவது ஆளுக்கு வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் சொந்த மண்ணின் முதல் டெஸ்டைத் தவறவிட்டது சின்ன ஏமாற்றமாக இருந்திருக்காது.

அதே சேப்பாக்கம் அந்த ஆண்டே வேறொரு பெருமையைக் கொடுத்தது. 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னையும் மைசூரும் மோதின. கோபாலன் ஓடிவந்து மைசூரின் என். கர்டிசுக்கு முதல் பந்தைப் போட்டார். மைசூர் 48க்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடி 59க்கு ஆட்டமிழந்தது. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் சென்னைக்கு வெற்றி. போட்டியே பொழுது சாய்வதற்குள் முடிந்துபோனது. விக்கெட்டுகளை அள்ளியது ஏ. ஜி. ராம்சிங்: இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 11. முதல்தர ஆட்டங்களில் கோபாலன் மொத்தம் 78 போட்டிகளில் 194 விக்கெட் எடுத்தார்.

ஹாக்கியில் அவர் எட்டிய உயரம் இதைவிடக் குறைவில்லை.  அன்றைய சென்னையில் அது ரயில்வேக்காரர்கள், பட்டாளத்தார், ஆங்கிலோ இந்தியர்கள் கோலோச்சிய ஆட்டம். அவர்களுக்கிடையே பெயர் வாங்கி, 1935இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சென்ற இந்திய அணியில் கோபாலன் இடம்பெற்றார். அந்தப் பயணத்தில் அணி 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டு 40 மட்டுமே வாங்கியது. தியான்சந்த் மட்டும் 201 கோல்.

பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டிலும் நட்சத்திரமாக இருந்த போ ஜாக்சனுக்கு, ஒரு ஆட்டத்தின் பருவம் முடியும் தறுவாயில் மற்றது தொடங்கியது. 1991 ஜனவரியில் இடுப்பில் அடிபடும்வரை அவரால் இரண்டையும் ஓட்ட முடிந்தது. கோபாலனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 1936இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணமும் பெர்லின் ஒலிம்பிக்கும் ஒரே மாதங்களில் வந்து நின்றன. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

போனது விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையிலான, உட்பூசலுக்குப் பேர்போன அணி. லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோபாலனுக்கு மூன்று டெஸ்டில் ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கியது; அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் வாங்கியது.

ஓவலில் ஆடிய இந்தியர்களில் இன்னொரு சென்னைக்காரர் இருந்தார்: கோட்டா ராமசாமி. புச்சிபாபு நாயுடுவின் மகன். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்கு ஆடியவர். 40 வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 அடித்தார். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரு ஆட்டத்துக்கும் நடுவே பதினான்கு வருடம் இருந்ததால், எதை விடுவது என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.

கோபாலனின் முடிவைத் தவறு என்று சொல்வது பிற்பாடு நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசுவது. ஹாக்கியில் இந்தியா 1928, 1932 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றிருந்தது உண்மைதான். ஆனால் ஒரே டெஸ்டோடு நின்றுபோன 27 வயதுப் பந்துவீச்சாளருக்கு இங்கிலாந்துப் பயணம் மறுபடி கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வார்கள்? உண்மையில் மறு பயணம் 1946இல்தான் வந்தது. நடுவில் உலகப் போர் புகுந்துவிட்டது.

ஆடி ஓய்ந்தபின் 1950களில் தேசியத் தேர்வாளராக இருந்தார். அவருடைய கிரிக்கெட் வாழ்வின் கால் நூற்றாண்டைக் குறிக்க, சென்னையும் இலங்கையும் மோதும் கோபாலன் கோப்பை 1952–53இல் தொடங்கியது. டெஸ்ட் தகுதி பெறாத இலங்கைக்கு அது பல வருடம் முக்கியமான முதல்தரப் போட்டியாக இருந்தது. 2003 அக்டோபர் இறுதியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெயர் காலமானபின், உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் கோபாலனே மூத்தவரானார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் சென்னையில் இறந்தார்.